எட்டு சாண் மெழுகுவர்த்தி

என் உயரம் ஐந்தடி நாலு அங்குலம். இதை நான் யாரிடமும் மறைத்ததில்லை, மறைத்தாலும் மறையாது. ஆனால் எனக்கு வரன் தேடுவதற்காக அம்மா எழுதிய பயோடேட்டாவில் ஆறடி என்று இருந்தது.

"இன்னாம்மா இது?" என்றேன்.

"மனுசன்னா எட்டு சாண். சாணுக்கு ஒம்போது அங்குலம். மொத்தம் எழுவத்திரண்டு, ஆறடி. கணக்கு தப்புன்னா சொல்லு."

எட்டு சாண் என்பது அவரவர் கைக்கு என்று சொல்லி, என் சாண் எட்டு அங்குலம்தான் என்பதை ஸ்கேல் வைத்துக் காட்டினேன். "நல்லா விரிடா" என்று கட்டைவிரலைப் பிடித்து இழுத்தாள். நான் கத்தியதுதான் மிச்சம். எட்டே காலைத் தாண்டவில்லை.

ஆம்பூரிலிருந்து வேலூருக்குப் பெண் பார்க்கப் போனோம். வாசலில் ஷூவைக் கழற்றக் குனிந்தவன் நிமிராமலே உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன். சோபாவை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. கிளம்பும்போது மட்டும் வேறு வழியில்லாமல், கீழே எதையோ தேடுவதுபோல் குனிந்தபடியே வெளியேறினேன். வெட்கக்கேடுதான். ஆனால் அந்தப் பெண்ணை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. சம்மதம் என்று அவர்கள் சொல்லியனுப்பிய பிறகும், உயரம் தெரிந்தால் இந்த இடம் போய்விடுமே என்று எனக்கு உதறலாகவே இருந்தது.

இதற்கு நடுவில் இன்னொரு வம்பு. எனக்குக் கல்யாணம் அமைந்தால் என் உயரத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவதாக அம்மா மாதாவிடம் நேர்ந்திருந்தாள். கடையில் ஆறடிக்குச் சொல்லிவிட்டாள்.

"மாதாகிட்ட ஒண்ணு, சம்பந்திகிட்ட ஒண்ணு சொல்ல முடியுமா?" என்றாள். சம்பந்தி வீட்டாரையும் கோயிலுக்கு அழைத்திருந்தாள்.

கோயிலில் மெழுகுவர்த்தியை நிறுத்தினார்கள். பக்கத்தில் நான். பழக்கதோஷத்தில் அம்மா பெருமையாக, "எம்புள்ள ஒசரத்துக்கே செஞ்சது" என்றாள். பெண்ணின் அப்பா மெழுகுவர்த்தியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் மெழுகுவர்த்தியைப் பார்த்தார்.

"பத்த வெச்சா கரைஞ்சு சரியாப் பூடும், சம்பந்தி" என்றாள் அம்மா.

பெண் சிரித்துவிட்டாள். "எனக்கு அன்னிக்கே தெரியும்ப்பா. வாசல்ல இவரு கழட்டி வெச்ச ஷூ ஆறாம் நம்பர். நான் ஷூ கம்பெனி செக்கிங்ல இருக்கேன், ஆறடி ஆளுக்கு ஆறாம் நம்பர் எங்கயாவது பத்துமா?"

"தெரிஞ்சுமா சரின்னு சொன்ன?" என்றார் அவர்.

"ஆறடின்னு படிச்சதும் வேணாம்னுதான் இருந்தேன். ஆயுசுக்கும் யாரு அண்ணாந்து பாத்துக்கினே சண்டை போடறது? ஷூவைப் பாத்த பொறவுதான் சரின்னேன்."