அக்காவைக் கொழும்புக்கு நாடகம் பார்க்கக் கூட்டிப்போனது

சனிக்கிழமை காலை 7.35க்கு வரவேண்டிய புகையிரதத்துக்காக மாங்குளம் நிலையத்துக்கு ஏழு மணிக்கே போய்விட்டோம். அக்கா வாங்குப் பலகையில் இருந்தாள். மடியில் ஒரு கைப்பை, அதன்மேல் ஒரு நீலக் கோப்பு. அந்தக் கோப்பைக் கொண்டுவர வேண்டாம் என்று முதல்நாளே மூன்று தரம் சொல்லியிருந்தேன்.

“உல்லாசப் பயணம் போறம் அக்கா. கந்தோருக்குப் போகேல்ல.”

“அது தன்ர பாட்டில மடியில கிடக்கும். உனக்கென்ன பாரம்?”

என் அக்கா பரமேஸ்வரிக்கு ஐம்பத்துநான்கு வயது. உடையார்கட்டில் தனியாக இருக்கிறாள். கச்சான் கடலை போடுகிறாள், கோழி வளர்க்கிறாள். நான் மாங்குளம் சந்தியில் உழவு இயந்திர உதிரிப்பாகக் கடை வைத்திருப்பவன். அவள் இதற்கு முன் ஏழு தடவை கொழும்புக்குப் போயிருக்கிறாள். ஏழு தடவையும் காணாமற்போன அத்தானின் படத்தோடு, துணைக்கு நான். அரசாங்கக் கந்தோர் வாசலில் நின்று, விசாரணைக்கு இருந்து, வீதியில் பதாகை பிடித்து, அன்றே திரும்பியவள். கொழும்பில் கடல் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியாது.

யுத்தத்தின் கடைசி நாள் வட்டுவாகல் பாலத்தைத் தாண்டியபின் அத்தான் இராணுவம் நிறுத்தியிருந்த ஒரு பஸ்ஸில் ஏறினார். பின்கதவால் ஏறியவர் இறங்கி வந்து, கைக்கடிகாரத்தைக் கழற்றி அக்காவின் கையில் வைத்துவிட்டு மறுபடி ஏறினார். கையில் சிவப்பு மூடி போட்ட தண்ணீர்ப் போத்தல் இருந்தது. அவ்வளவுதான், பிறகு ஒரு சேதியும் இல்லை. பதினாறு வருடமாகிறது. அக்கா பொட்டை அழிக்கவில்லை, தாலியைக் கழற்றவில்லை. வீட்டுச் சுவரில் அத்தானின் படம் இருக்கிறது. மாலையும் இல்லை, விளக்கும் இல்லை. மாலை போட்டால் ஆள் இல்லை என்று நாமே சொன்னதாகிவிடும். எங்கள் பக்கத்தில் இப்படி மாலையில்லாப் படங்கள் தொங்கும் வீடுகள் அநேகம். கலியாண வீடுகளில் அவளை ஆராத்தி எடுக்கக் கூப்பிடுவதுமில்லை, எடுக்காதே என்று சொல்வதுமில்லை. தட்டு அவளருகே வரும்போது யாராவது ஒருத்தி குறுக்கே வந்து வாங்கிவிடுவாள். அந்தக் கெட்டித்தனத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஊர்க் கலியாணங்களே வெறுத்துவிட்டன.

நாடகத்தின் கதை இது. போன மாரி முடிந்த கையோடு கொழும்பிலிருந்து ஒரு நாடகக் குழு உடையார்கட்டுக்கு வந்தது. தலைவி நிரோஷா என்ற முப்பது வயதுப் பெண். அக்கா கோழி அடித்துச் சோறு போட்டாள். இரண்டு பின்னேரம் இருந்து, பஸ், பின்கதவு, கடிகாரம், போத்தல் எல்லாவற்றையும் சொன்னாள். கொழும்பில் பெரிய பெரிய ஆட்கள் வந்து பார்ப்பார்கள் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். அக்கா அதைப் பிடித்துக்கொண்டாள்.

“முந்நூறு சனம் பாக்குமாம் தம்பி. அதுக்குள்ள ஒராள் எண்டாலும் அவரை எங்கையும் கண்டிராதோ?”

இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மறைத்தவன் என்று இருக்கக்கூடாது. இரண்டு மாதத்துக்கு முன் நிரோஷா எனக்குத் தொலைபேசி எடுத்தாள். “அண்ணா, கடைசிக் காட்சியில மனைவி அவர்ர படத்துக்கு மாலை போட்டு விளக்கு ஏத்துற மாதிரி யோசிச்சிருக்கிறம். அக்காவுக்குச் சம்மதமா எண்டு கேட்டுச் சொல்ல ஏலுமா?” நான் அக்காவைக் கேட்கவில்லை. ஒரு நாள் விட்டு, “அக்காவுக்குச் சம்மதம். முடிச்சு விடுங்கோ” என்று சொல்லிவிட்டேன். பதினாறு வருடமாக என் வாயால் சொல்லத் துணியாததை மேடை சொல்லட்டும், அவள் பார்த்து அழுது தீர்க்கட்டும் என்று நினைத்தேன். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டவன் நான்தான்.

இரண்டு இலவச நுழைவுச்சீட்டு வந்ததும் ஒரு கொப்பியில் திட்டம் எழுதினேன். சனி பின்னேரம் வெள்ளவத்தைக் கடல். ஞாயிறு காலை சேலைக்கடை, மத்தியானம் நல்ல சாப்பாடு, 3.30க்கு நாடகம். திங்கள் காலை திரும்பல். புகையிரதம் இரண்டாம் வகுப்பு ஆளுக்கு ஆயிரத்து எண்ணூறு, வெள்ளவத்தை விடுதி ஓர் இரவுக்கு ஆறாயிரத்து ஐந்நூறு. கோடு போட்டு எழுதிய அந்தப் பக்கத்தைப் பார்த்து என் மனைவி சுகந்தி, “கலியாணம் கட்டி இத்தனை வருசத்தில எனக்கு இப்பிடி ஒரு கொப்பி எழுதினனீங்களோ?” என்றாள். ஆடுகளைப் பார்க்க ஆள் வேண்டுமென்று அவள் வரவில்லை.

வண்டி 7.50க்கு வந்தது. வவுனியா தாண்டியதும் சிவப்பு மண்ணும் பனையும் குறைந்தன. அநுராதபுரத்தில் வடைக்காரர் ஏறினார். இறால் வடை வாங்கிக் கொடுத்தேன். அக்கா தின்றாள், காரம் போதாது என்றாள். எனக்குச் சந்தோசமாக இருந்தது. குறை சொல்கிறாள் என்றால் பயணம் அவளுக்குள் போய்விட்டது என்று அர்த்தம்.

பிற்பகல் 2.10, கொழும்புக் கோட்டை. ஏறக்குறைய முந்நூறு கிலோமீற்றர், ஆறு மணித்தியாலம் இருபது நிமிடம். வெள்ளவத்தைக்கு ஆட்டோ எழுநூற்று இருபது ரூபாய். சாரதி நல்ல தமிழ் பேசினார்.

“யாழ்ப்பாணமா?”

“இல்லை, வன்னி.”

“எல்லாம் அந்தப் பக்கந்தானே” என்றார். “இப்ப அங்க பிரச்சினை ஒண்ணும் இல்லயே?”

“ஒண்டுமில்லை” என்றாள் அக்கா. ஏழு தடவை வந்தவளுக்கு எதைச் சொன்னால் பேச்சு முடியும் என்று தெரிந்திருந்தது.

விடுதியில் அடையாள அட்டை கேட்டார்கள். நான் என்னுடையதை நீட்டினேன். அக்கா கோப்பைத் திறந்து மேசையில் ஒவ்வொன்றாக வைக்கத் தொடங்கினாள்: அடையாள அட்டை, விவாகப் பதிவு, அத்தானின் பிறப்புப் பதிவு, பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, காணாமற்போனோர் ஆணைக்குழு கொடுத்த துண்டு, அத்தானின் படம். வரிசை பிசகவில்லை. முகாமையாளர் திகைத்துப்போய், “அம்மா, ஐசி மட்டும் போதும்” என்றார். அவள் வெட்கப்பட்டு எல்லாவற்றையும் திரும்ப அடுக்கினாள். கொழும்பில் யாராவது எதையாவது கேட்டால் அவளுடைய கை தானாகவே அப்படி அடுக்கும். எனக்கு அந்த இடத்திலேயே திட்டக் கொப்பியைக் கிழித்தெறிய வேண்டும்போல் இருந்தது.

பின்னேரம் 5.30க்குக் கடற்கரை. தண்டவாளத்தைத் தாண்டினால் கல்லும் கடலும். காதலர்கள் குடை விரித்து இருந்தார்கள். அக்கா ஒரு கல்லில் இருந்து ஐஸ்கிறீம் சாப்பிட்டாள்.

“கொழும்புக் கடலும் இப்பிடித்தானோ” என்றாள்.

“எப்பிடி?”

“ஒண்டுமில்லை. எழும்பு, போவம்.”

ஞாயிறு காலை சேலைக்கடையில் அவள் எடுத்தது கிளிப்பச்சைச் சேலை, நாலாயிரத்து இருநூறு. கடைப்பெண் வெள்ளையில் நீலப்பூ போட்டதைக் காட்டியபோது கையால் விலக்கினாள். அந்தப் பச்சையை உடுத்து, பொட்டைக் கொஞ்சம் பெரிதாக வைத்துக்கொண்டு நாடகத்துக்குப் புறப்பட்டாள். “முடிஞ்சவுடன நான் வாசலில நிப்பன். சனம் வெளிய வரேக்க படத்தைக் காட்டலாம்” என்றாள். கோப்பு ஏன் வந்தது என்று அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. வாயைத் திறந்து உண்மையைச் சொல்ல அதுதான் கடைசிச் சந்தர்ப்பம். நான் ஆட்டோவைக் கை காட்டி மறித்தேன்.

பணக்காரர் இருக்கும் கொழும்பு ஏழில் மண்டபம். குளிரூட்டியில் எனக்கே பல் கிட்டியது. நுழைவு ஆயிரத்து ஐந்நூறு. எங்களுக்கு மூன்றாம் வரிசையில் இலவசக் கதிரை. 3.40க்கு விளக்கணைந்தது. நாடகம் எழுபது நிமிடம். பொய் சொல்லக்கூடாது, நன்றாகச் செய்திருந்தார்கள். பலகையால் கட்டிய பஸ்ஸுக்குப் பின்கதவு இருந்தது. அத்தானாக நடித்தவர் ஏறினார், இறங்கினார், கடிகாரத்தைக் கழற்றினார். போத்தலின் மூடி சிவப்பு. அக்கா என் முழங்கையைப் பிடித்து, “பார், ஒண்டும் விடேல்ல, எல்லாம் அப்பிடியே” என்றாள். அவள் பிடி இறுகிக்கொண்டே வந்தது.

கடைசிக் காட்சி வந்தது. மனைவியாக நடித்த பெண் மேடையின் நடுவில் ஒரு படத்தை வைத்து மாலை போட்டாள். குத்துவிளக்கை ஏற்றினாள். புறங்கையால் பொட்டை அழித்தாள். மண்டபம் விம்மியது, பிறகு எழுந்து நின்று கை தட்டியது. அக்காவின் கை என் முழங்கையிலிருந்து கழன்றுவிட்டது. அவள் அழவில்லை. நிமிர்ந்து இருந்தாள்.

நடிகர்கள் வரிசையாக நின்றார்கள். நிரோஷா ஒலிவாங்கியோடு வந்து, இந்தக் கதைக்குச் சொந்தக்காரியான அம்மா இங்கே வந்திருக்கிறார் என்றாள். மறுபடி கைதட்டல். ஒலிவாங்கி அக்காவிடம் வந்தது.

“பிள்ளை,” என்றாள் அக்கா, “உங்களுக்குச் சேதி எப்ப வந்தது?”

நிரோஷாவுக்கு விளங்கவில்லை. “என்ன சேதி அக்கா?”

“அவர் இல்லையெண்ட சேதி. நான் சொன்னது எல்லாம் பிசகாமக் காட்டினீங்கள். நான் சொல்லாததைக் கடைசியில காட்டினீங்கள். அப்ப உங்களுக்கு ஆரோ சொல்லியிருக்க வேணும். ஆர் சொன்னது? எந்த இடமாம்? திகதியை எனக்குச் சொல்லுங்கோ, அது போதும்.”

கோப்பைத் திறந்து பேனையும் எடுத்துவிட்டாள். நிரோஷாவின் முகம் வெளிறியது. “அது வந்து… கற்பனை அக்கா. நாடகத்துக்கு ஒரு முடிவு வேணும் எண்டு… நாங்க கேட்டுத்தான்…” என்று சொல்லி என்னைப் பார்த்தாள். அக்காவும் அந்தப் பார்வை போன திசையில் திரும்பி என்னைப் பார்த்தாள். பேனையை மூடினாள்.

அப்படியும் அவள் சொன்னபடி வாசலில் போய் நின்றாள். சனம் வெளியே வந்தது. படத்தைப் பார்த்துச் சிலர் தலை குனிந்தார்கள், சிலர் அவளுடைய தோளைத் தொட்டார்கள். ஒரு கனவான் நின்று அத்தானின் படத்தைத் தன் தொலைபேசியில் எடுத்தார். அக்காவின் முகம் மலர்ந்தது.

“எங்கையும் கண்டனீங்களோ ஐயா?”

“இல்லம்மா. சும்மா ஒரு ஞாபகத்துக்கு” என்றார் அவர்.

திங்கள் காலை 6.35, திரும்பும் வண்டி. அநுராதபுரம் வந்தது. வடைக்காரர் வந்தார், போனார்.

“தம்பி, உனக்கு அவர் எப்ப செத்தவர்?”

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பொய் சொல்லிக் களைத்துப்போயிருந்தேன். “ரெண்டாம் வருசம் அக்கா” என்றேன்.

“அப்ப பதினாலு வருசம் என்னோட வரிசையில நிண்டது எதுக்கு?”

“உனக்காக.”

“எனக்காக.” ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு இருந்தாள். வவுனியாவுக்குக் கிட்ட வந்தபோது சொன்னாள்: “அந்தப் பிள்ளை விளக்கைக் கொளுத்தேக்க எனக்கு என்ன வந்தது தெரியுமோ? நிம்மதி. சேதி வந்திட்டுது, இனித் தேடத் தேவையில்லை, திகதியைக் கேட்டுத் திவசத்தைக் குடுப்பம் எண்டு. ஒரு நிமிசந்தான். நான் அவரை அந்தக் கதிரையில இருந்துகொண்டு சாகக் குடுத்திட்டன்ரா. அதை எனக்குக் காட்டினது நீ. இதை நான் உனக்கு மன்னிக்க மாட்டன்.”

கொழும்பு மண்டபத்தில் எழுந்து நின்று கை தட்டியவர்களை வண்டி ஏறியதிலிருந்து மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். அவர்களாவது ஒரு பின்னேரம் மட்டும் அவரைக் கொன்றார்கள். நான் பதினான்கு வருடமாக அந்த வேலையைச் செய்துகொண்டு, பக்கத்தில் படத்தையும் பிடித்துக்கொண்டு நின்றவன்.

பிற்பகல் 12.50க்கு மாங்குளம். வீட்டுப் படலையைத் திறக்கும்போதே சுகந்தி ஓடி வந்தாள். “மச்சாள், நாடகம் எப்பிடி?”

“நல்லா நடிச்சவை” என்றாள் அக்கா. “முடிவு மட்டும் அவைக்கும் தெரியாதாம்.”

செருப்பைக் கழற்றிவிட்டு நேரே கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினாள். ஈரமுகத்தோடு வந்து சுகந்தியிடம் பொட்டு கேட்டாள். கண்ணாடி பிடிக்க நான் கிட்டப் போனேன். அவள் என் கையிலிருந்து கண்ணாடியை வாங்கிச் சுகந்தியிடம் கொடுத்தாள்.