பல் டாக்டர் பார்த்த முதல் இதழ்

என் அத்தான் லிஃப்ட் மெக்கானிக். பகலெல்லாம் இரும்புக் கயிற்றுக்கு கிரீஸ் பூசுவார். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, வெள்ளைக் கையுறை மாட்டிக்கொள்வார். அப்புறம் அவர் வேறு மனுஷன், பழைய காமிக்ஸ் சேகரிப்பவர். நண்பர்கள் வைத்த பெயர் ‘கையுறை’. நான் வைத்த பெயர்களை இங்கே எழுத முடியாது.

வீட்டில் ஒரே ஒரு ஏசி. அது காமிக்ஸ் அறையில். அக்கா, அத்தான், விருந்தாளியாகப் போகிற நான் எல்லோரும் கூடத்தில் வேர்த்து விறுவிறுத்துப் படுத்திருப்போம். பழைய காகிதம் உள்ளே குளுகுளுவென்று தூங்கும். கேட்டால், “வேர்வை காஞ்சிடும் மச்சான். காகிதம் மஞ்சளானா மஞ்சளானதுதான்” என்பார். இந்த மனுஷனைத் திருத்த எனக்கு யாரும் சம்பளம் தரவில்லை, அதனால் சும்மா இருந்துவிடுவேன்.

அந்த அறையின் மகாராஜா, ‘எஃகுப் பருந்து’ முதல் இதழ். ஒரு காலத்தில் லட்சக்கணக்கில் அச்சான சமாச்சாரம். ஆனால் வாங்கியதெல்லாம் பிள்ளைகள். சுருட்டிப் பின்பாக்கெட்டில் செருகினார்கள், நாயகனுக்கு மீசை வரைந்தார்கள், இரவல் கொடுத்துக் கிழித்தார்கள். தப்பியதை அம்மாக்கள் பழைய பேப்பர்காரரிடம் போட்டார்கள். ஆகவே கந்தலானது எங்கும் கிடைக்கும், கசங்காததை விரல் விட்டு எண்ணிவிடலாம். இதழ் இருக்கிற நிலைமைக்குச் சேகரிப்பாளர்கள் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவார்கள். ஒன்பதைத் தாண்டிவிட்டால் ஒவ்வொரு அரை மதிப்பெண்ணுக்கும் விலை எகிறும். மூலையில் நகம் பட்டால் அரை போச்சு. ஒரு தடவை நன்றாக விரித்தால் முதுகில் வெள்ளைக் கோடு விழும், இன்னொரு அரை போச்சு.

மூடப்போகிற ஒரு நோட்டுப் புத்தகக் கடையில், பிரிக்காத கட்டுக்குள்ளிருந்து எடுத்தார் அதை. அன்றிலிருந்து பதினெட்டு வருஷமாக விரிக்கவே இல்லை. கதை என்னவென்றே தெரியாது! மதிப்பெண் போடும் கம்பெனிக்கு அனுப்பியிருக்கலாம். தபாலில் மூலை மடங்கிவிடும் என்று அதையும் செய்யவில்லை.

அக்கா கூடத்து மூலையில் தையல் மிஷின் போட்டுத் தைப்பவள். தெருமுனையில் ஒரு கடை காலியானது. மாதக் கடைசிக்குள் முன்பணம் தராவிட்டால் வேறு ஆளுக்கு என்று சொந்தக்காரர் சொல்லிவிட்டார். அத்தானிடம் அக்கா ஒரு வார்த்தை கேட்கவில்லை. மிஷினை மிதித்த மிதியில் மாடிவீட்டுக்காரருக்கே விஷயம் புரிந்திருக்கும். மூன்றாம் நாள் அத்தான் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே, “பருந்தை வித்துடலாம்” என்றார். அக்கா மிஷினை நிறுத்தினாள்.

வாங்க வந்தவர் பல் டாக்டர். சேகரிப்பாளர்களில் பெரிய கை. தொழில் சாமான்களோடுதான் வந்தார். நெற்றியில் விளக்கு, கையில் பல் பார்க்கும் சின்னக் கண்ணாடி. அட்டையைப் பார்த்து, “ஒன்பதுக்கு மேலயே போடுவாங்க” என்றதும் அத்தான் மாப்பிள்ளையைப் பெற்றவர் மாதிரி நிமிர்ந்தார். அடுத்து டாக்டர், புத்தகத்தை விரிக்காமல், அட்டையைக் கொஞ்சமே கொஞ்சம் தூக்கி, இடுக்கில் கண்ணாடியை விட்டு எட்டிப் பார்த்தார். கடைவாய்ப் பல்லைத் தேடுவது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏன் சார், உங்க பருந்து எங்கே?”

“பறந்துட்டிருக்கும் டாக்டர்.”

“இங்க ஒரு நர்ஸ் அழுதுட்டிருக்கா. பக்கத்துல ஒருத்தன் பூங்கொத்தோட நிக்கிறான்.”

அச்சகத்தில் அட்டை மாறியிருக்கிறது. மேலே பருந்து, உள்ளே காதல் கதை. பதினெட்டு வருஷம் ஏசி போட்டுக் காப்பாற்றியது அந்த நர்ஸை!

“அப்போ இது உலகத்துலயே ஒண்ணுதானே?” என்று நான் புத்திசாலித்தனமாகக் கேட்டேன்.

“ஒண்ணுதான் தம்பி. ஆனா அபூர்வமா இருந்தா மட்டும் விலை வராது, அது வேணும்னு ரெண்டு பேராவது அடிச்சுக்கணும். எனக்குப் பருந்துதான் வேணும். மன்னிச்சுடுங்க சார்.” அவர் விளக்கை அணைத்துவிட்டுக் கிளம்பினார்.

கதவு சாத்தியதும் அக்கா வெடித்தாள். “ஒரு தடவை, ஒரே ஒரு தடவை திறந்து பாத்திருக்கக் கூடாதா? என்னையும் இப்படித்தான் வச்சிருக்கீங்க. மூலையில, பத்திரமா. உள்ள என்ன இருக்குன்னு என்னைக்காவது கேட்டிருக்கீங்களா?”

அத்தான் சட்டென்று எழுந்து வாசலுக்கு ஓடினார். டாக்டர் இன்னும் வெளியேதான் நின்றிருந்தார், ஏறும்போது வராத லிஃப்ட் இறங்கவாவது வருமா என்று பொத்தானை அமுக்கிக்கொண்டு. ஊர் லிஃப்டெல்லாம் ஓட வைக்கிறவரின் கட்டடத்தில் லிஃப்ட் ஓடி ஒரு வாரம் ஆகிறது.

“டாக்டர், பருந்து ரெண்டாம் இதழ்லேர்ந்து அறுபது வரைக்கும் இருக்கு. எல்லாம் நான் படிச்சுப் படிச்சுத் தேய்ச்சது. மூணு மார்க், நாலு மார்க் சரக்குதான்.”

டாக்டர் பொத்தானிலிருந்து கையை எடுத்தார். “நடுவுல விடுபடாமலா? நாப்பத்தொண்ணு இருக்கா? குடோன்லயே நனைஞ்சு போச்சே அது.”

“இருக்கு. அட்டை பாதிதான், ஆனா இருக்கு.”

தனித்தனியாக விற்றால் டீச்செலவுக்குத்தான் வரும். விடுபடாத வரிசை என்றால் கதையே வேறு. டாக்டர் சொன்ன தொகையில் கடைக்கு முன்பணம் போக, பலகைக்கும் பெயின்டுக்கும் மிஞ்சும். டாக்டர் காரைத் திறந்து வைக்கப் படியிறங்கினார். இரண்டு தகரப் பெட்டிகள். ஒன்றை நான் தோளில் வைத்தேன். இன்னொன்றுக்கு அத்தான் ஒரு பக்கக் கைப்பிடி, அக்கா மறுபக்கம்.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் அத்தான், “ஒரு நிமிஷம்” என்று பெட்டியை இறக்கச் சொன்னார். திறந்து, தேடாமலே ஓர் இதழை உருவினார். சின்ன வயதில் காய்ச்சலில் கிடந்தபோது அவர் அப்பா வாங்கிவந்து தலைமாட்டில் வைத்தது. அட்டையில் மருந்துக் கறை. அவருக்கும் பருந்துக்கும் பழக்கமானது அதில்தான். அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். இந்தக் காகிதப் பைத்தியத்தைப் பார்த்து முதல் தடவையாக எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“அது ஒண்ணை வச்சுக்கோங்க” என்றாள் அக்கா. “டாக்டர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்.”

“ஒண்ணு குறைஞ்சாலும் வரிசை உடைஞ்சிடும். பாதிதான் தருவார். பாதிப் பணத்துக்கு உனக்குப் பாதிக் கடையா குடுப்பாங்க?”

இதழை அதனுடைய இடத்தில் செருகிப் பெட்டியை மூடினார். அக்கா கைப்பிடியைப் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ம், தூக்கு” என்றார்.