இருபத்தெட்டு அட்டைக் கம்பியூட்டர்கள்

தங்கமணி கேரி தீவுத் தோட்டத் தமிழ்ப்பள்ளிக்கு ஆசிரியையாக மாற்றலாகி வந்த ஐந்தாம் ஆண்டில், 1992 பிப்ரவரி பதினேழாம் தேதி, திங்கட்கிழமை காலை பத்து மணி சுமாருக்கு, அந்தப் பள்ளிக்கு ஒரு கம்பியூட்டர் வந்தது. பிரிக்பீல்ட்ஸில் அலுவலகம் வைத்திருந்த ஓர் அறவாரியம் ஐந்து பள்ளிகளைத் தேர்ந்தெடுத்துப் பள்ளிக்கு ஒன்றாகக் கொடுத்தது. அதற்கு முன்பே, பள்ளிக்கு ஓர் ஆசிரியரைக் கோலாலம்பூருக்கு அழைத்து ஐந்து நாள் பயிற்சியும் கொடுத்திருந்தது. "யார் போறீங்க?" என்று தலைமையாசிரியர் சபாபதி கேட்டபோது மற்ற ஆசிரியர்கள் எல்லாரும் சன்னல் வழியாகச் செம்பனை மரங்களைப் பார்த்தார்கள். தங்கமணி ஒருத்திதான் அவர் முகத்தைப் பார்த்தாள். அதனால் அவளே போனாள்.

கம்பியூட்டரை லோரியிலிருந்து இறக்கியதும், புது வாகனத்துக்குச் செய்கிற எல்லாவற்றையும் அதற்கும் செய்தார்கள். சூடம் காட்டியாயிற்று, பூ வைத்தாயிற்று. சக்கரம் இல்லாத பொருளுக்கு எலுமிச்சம்பழத்தை எங்கே வைப்பது என்பதில்தான் கொஞ்சம் சிக்கல் வந்தது. கடைசியில் மேசைக் கால் நான்கின் கீழும் ஒவ்வொரு பழத்தை வைத்து, இரண்டு பேர் மேசையை அழுத்தினார்கள். பழங்கள் நசுங்கின. புறப்படுவதற்கு வேண்டிய சடங்கெல்லாம் குறைவில்லாமல் முடிந்தது. கம்பியூட்டர் மட்டும் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

அந்த இடம் தலைமையாசிரியர் அறை. கம்பியூட்டருக்குக் குளிர்ச்சி வேண்டும் என்று யாரோ சொல்ல, பெற்றோர்கள் சந்தையில் பலகாரம் விற்று ஓர் ஏர்கோன் வாங்கிக் கொடுத்தார்கள். அதைப் பொருத்தத் தோதான கதவும் சன்னலும் சபாபதி ஐயாவின் அறையில்தான் இருந்தன. கம்பியூட்டருக்காக அவரும் அந்தக் குளிரைப் பொறுத்துக்கொண்டார். மூன்றாம் வாரம் வீட்டிலிருந்து ஒரு கம்பளிச் சட்டை கொண்டுவந்து நாற்காலியில் மாட்டிவைத்தார்.

அறைக்குள் நுழைவதற்கு அவர் விதிகள் எழுதிக் கதவில் ஒட்டினார். சப்பாத்தைக் கழற்ற வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். ஒரு தடவைக்கு மூன்று பேர்தான். நான்காவது விதியைப் படித்ததும் தங்கமணி நேராக உள்ளே போனாள்.

"ஐயா, தலைக்கு எண்ணெய் வச்ச பிள்ளைங்க வரக்கூடாதுன்னு போட்டிருக்கீங்களே."

"ஆமா டீச்சர். எண்ணெய்ப் பிசுக்கு கீபோர்டுல ஒட்டிக்கும்."

"நம்ம பள்ளியில எண்ணெய் வைக்காத தலை எது ஐயா?"

சபாபதி யோசித்துப் பார்த்தார். அவர் தலை வழுக்கை. "அதுக்கு நான் என்ன செய்ய முடியும்?" என்றார்.

அவரைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. முப்பத்தொரு வருடம் பள்ளிக்காக ஓடியாடிச் சுண்ணாம்பு, மேசை, கூரைத் தகரம் என்று ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டு வாங்கியவர். அப்படி வாங்கிய பொருள் உடைந்தால் மறுபடி கிடைக்காது என்பது அவருக்குப் பட்டுத் தெரிந்த பாடம். உடையாமல் இருக்க ஒரே வழி, யாரும் தொடாமல் இருப்பதுதான்.

மார்ச்சு மாதம் ஒரே ஒரு நாள் இறங்கிவந்தார். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் இருபத்தெட்டுப் பேரும் முதல் நாள் எண்ணெய் வைக்காமல் தலைமுழுகி, மறுநாள் பஞ்சுப் பொதிபோலச் சிலிர்த்த முடியோடு வரிசையில் நின்றார்கள். ஆளுக்கு மூன்று நிமிடம். தங்கமணி பயிற்சியில் கற்றுக்கொண்டதை வைத்து டிஸ்கெட் ஒன்றில் வாய்ப்பாட்டுப் பயிற்சி எழுதி வைத்திருந்தாள். திரையில் கணக்கு வரும். விடையைத் தட்ட வேண்டும். சரியென்றால் 'பெத்துல்' என்று காட்டும், தவறென்றால் 'சூபா லாகி', அதாவது மறுபடி முயன்று பார் என்று காட்டும். அந்தக் கம்பியூட்டருக்குத் தமிழ் எழுத்து வராது. அதனால் மலாயில் எழுதியிருந்தாள்.

பதினொன்றாவதாக மாரியாயி வந்தாள். அவள் வகுப்பில் வாயைத் திறந்து தங்கமணி கேட்டதே கிடையாது. எழுப்பி ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டால், பெஞ்சின் ஆணியைப் பார்த்தபடி மணி அடிக்கும்வரை நிற்பாள். இரண்டாம் ஆண்டில் ஒருமுறை தப்பாகச் சொல்லி வகுப்பே சிரித்ததிலிருந்து அப்படி என்று மற்ற பிள்ளைகள் சொன்னார்கள். அந்த மாரியாயி திரையைப் பார்த்தாள், ஒற்றை விரலால் தட்டினாள். தப்பு. இடப்பக்கம் பார்த்தாள், வலப்பக்கம் பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை. திரை 'சூபா லாகி' என்று பேசாமல் நின்றது. மறுபடி தட்டினாள். மூன்று நிமிடத்தில் எட்டுக் கணக்குப் போட்டாள். ஆறு சரி.

"போதும் டீச்சர், சூடாயிடும்," என்றார் சபாபதி, கம்பளிச் சட்டையின் பொத்தானைப் போட்டுக்கொண்டே.

அன்று வகுப்புக்குத் திரும்பியதும் தங்கமணி ஒரு காரியம் செய்தாள். நிதானமான பெண், ஆனால் அன்று யோசிக்காமல் வாய்விட்டுவிட்டாள். "பரீட்சைக்கு முன்னால உங்க ஒவ்வொருத்தருக்கும் அந்தக் கம்பியூட்டர்ல முழுசா இருபது நிமிஷம் வாங்கித் தருவேன். இது என் வாக்கு." பிள்ளைகள் கைதட்டினார்கள். மாரியாயி தட்டவில்லை, ஆணியைவிட்டுத் தலையை நிமிர்த்தி டீச்சரைப் பார்த்தாள். பரீட்சை செப்டம்பரில். வாக்குக் கொடுத்தது மார்ச்சு இருபதாம் தேதி.

மார்ச்சு முடிந்தது, ஏப்ரலும் பாதி போனது. கதவு திறக்கவில்லை. ஒருநாள் கரண்ட் தடுமாறியது. ஒருநாள் இடி இடித்தது. ஒருநாள் தலைமையாசிரியருக்குக் கூட்டம், சாவி அவர் சட்டைப் பையில். தங்கமணி கிள்ளான் வீட்டுக்கு வந்து அக்கா இராஜம்மாவிடம் புலம்பினாள். இராஜம்மா ஆறாவதோடு படிப்பை நிறுத்தித் தையல் மிஷினில் உட்கார்ந்தவள். தங்கையை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு அனுப்பியது அந்த மிஷின்தான்.

"நிஜமானது கிடைக்கலன்னா மாதிரி வச்சுத் தைச்சுப் பழகுறதில்லையா?" என்றாள் இராஜம்மா. "அந்தக் கீபோர்டு எவ்வளவு நீளம்?"

"இவ்வளவு இருக்கும்க்கா." தங்கமணி கையை விரித்துக் காட்டினாள்.

"இவ்வளவுன்னு சொன்னா ரவிக்கை தைக்க முடியுமா? அளந்துட்டு வாடி."

மறுநாள் தங்கமணி டேப்பை எடுத்துக்கொண்டு போனாள். தலைமையாசிரியர் அறையைப் பூட்டாமல் சாப்பிடப் போன நேரத்தில் அளந்து, ஒவ்வொரு எழுத்துக் கட்டையின் அகலத்தையும் குறித்துக்கொண்டு வந்தாள். சட்டைப் பெட்டி அட்டைகளை வெட்டி, சாக்குக்கட்டியால் கோடு போட்டு, மையால் எழுதி, இராஜம்மா ஒன்பது நாளில் இருபத்தெட்டும் செய்து முடித்தாள். ஒன்றுக்கொன்று நூல் அளவு வித்தியாசம் கிடையாது. பதினேழாவது அட்டையில் ஒரு கட்டை சாய்ந்துவிட்டது என்று அதைக் கிழித்துப் போட்டுப் புதிதாகச் செய்தாள்.

"பிள்ளைங்களுக்குத் தெரியாதுக்கா, விடு."

"விரலுக்குத் தெரியும்."

அட்டை தயார். ஆனால் அட்டை 'சூபா லாகி' சொல்லாதே? அதற்குத் தங்கமணியே ஒரு வழி கண்டுபிடித்தாள். பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக உட்காரவைத்தாள். ஒரு பிள்ளை கரும்பலகையில் உள்ள கணக்கைப் பார்த்து அட்டையில் விடையைத் தட்டும். எதிரே உள்ள பிள்ளை விடைத்தாளை வைத்துக்கொண்டு கம்பியூட்டராக இருக்கும். கம்பியூட்டருக்கு இரண்டே வார்த்தைதான் தெரியும். சிரிக்கக் கூடாது, 'ஐயே' என்று சொல்லக் கூடாது, கண்ணை உருட்டக் கூடாது. சிரித்த கம்பியூட்டர் பழுதானதாகக் கணக்கு. அது மூலையில் போய் நிற்க வேண்டும். முதல் வாரம் மூலையில் நிற்க இடம் போதவில்லை. இரண்டாம் வாரம் நான்கு பேர். மூன்றாம் வாரம் வகுப்பில் 'தட் தட்' என்ற சத்தத்தையும் 'பெத்துல்', 'சூபா லாகி' என்ற முணுமுணுப்பையும் தவிர வேறு சத்தம் இல்லை. மாரியாயிக்கு எதிரே கம்பியூட்டராக இருந்தவள் கஸ்தூரி. மே மாதச் சோதனையில் மாரியாயி கணக்கில் நூற்றுக்கு அறுபத்திரண்டு வாங்கினாள். அதற்கு முன் வாங்கியது பதினெட்டு. ஆனால் வகுப்பில் எழுப்பிக் கேட்டால் இன்னமும் ஆணியைத்தான் பார்த்தாள்.

ஜூன் மாதம் அறவாரியத்தின் செயலாளர் தியாகராஜன் கம்பியூட்டர் எப்படிப் பயன்படுகிறது என்று பார்க்க வந்தார். தங்கமணிக்கு உள்ளுக்குள் சந்தோஷம். இவர் ஒரு வார்த்தை சொன்னால் தலைமையாசிரியர் கதவைத் திறந்துதானே ஆக வேண்டும்?

தியாகராஜன் முதலில் கம்பியூட்டரைப் பார்த்தார். அதன்மேல் போர்த்தியிருந்த பட்டுத்துணியை சபாபதி மாப்பிள்ளையின் தோளிலிருந்து துண்டை எடுப்பதுபோல மெல்ல எடுத்தார்.

"புதுசு மாதிரியே வச்சிருக்கீங்களே!"

"ஒரு தூசி விழ விடுறதில்லைங்க," என்றார் சபாபதி பெருமையாக.

பிறகு வகுப்புக்கு வந்தார்கள். பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொல்லி, உட்கார்ந்து, தட்ட ஆரம்பித்தார்கள். தியாகராஜன் ஐந்து நிமிடம் வரிசை வரிசையாக நடந்து பார்த்தார். ஒரு கம்பியூட்டரின் அருகே குனிந்து, "உன் பேர் என்ன?" என்று கேட்டார். அது வேலை நேரம் என்பதால் கஸ்தூரி பதில் சொல்லவில்லை. அவர் அசந்துபோனார்.

"டீச்சர், நாலு பள்ளி பார்த்துட்டு வரேன். இந்த மாதிரி எங்கயும் இல்ல லா. இதுக்கு ஒரு செலவும் கிடையாதே!"

"அட்டைதாங்க ஐயா. ஆனா பிள்ளைங்களுக்கு நிஜமானது..."

"நிஜமானது எதுக்கு? இதுவே பிரமாதமா இருக்கே!"

தங்கமணி மேற்கொண்டு சொல்ல வந்ததைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் பாராட்டிக்கொண்டிருந்தார். பாராட்டுகிறவரைப் பாதியில் மறித்துப் பழக்கமில்லாத வளர்ப்பு. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அதற்கான விலை ஜூலை மூன்றாம் தேதி கடிதமாக வந்தது.

சபாபதி அவளைக் கூப்பிட்டு எழுந்து நின்று படித்தார். "தங்கள் பள்ளி ஆசிரியை திருமதி தங்கமணி அவர்களின் சீரிய முயற்சியைக் கண்டு அறவாரியம் பெருமகிழ்ச்சி அடைகிறது." அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை என்பதை இருவருமே பொருட்படுத்தவில்லை. இரண்டாம் பத்தியில் விஷயம் இருந்தது. கணினி இன்றியே இவ்வளவு சிறப்பாகக் கற்பிக்க இயலும் பள்ளிக்குக் கணினி தேவைப்படாது. ஆகவே அது கிள்ளானில், இன்னும் அந்த முன்னேற்றத்தை அடையாத ஒரு பள்ளிக்கு மாற்றப்படும். மற்றப் பள்ளிகளின் பயனுக்காக அட்டையின் அளவுகளை அனுப்பிவைக்கவும்.

"ஏர்கோன்?" என்றார் சபாபதி, கடிதத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து. அதைப் பற்றி ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அவர் உட்கார்ந்தார்.

லோரி வந்த அன்று பிள்ளைகள் வராந்தாவில் நின்று பார்த்தார்கள். யாரும் டீச்சரை ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து இராஜம்மா, "கிள்ளான்ல எந்தப் பள்ளி?" என்று கேட்டாள்.

"பேர் தெரிஞ்சு என்ன செய்யப் போற?"

"எவ்வளவு தூரம்னு பார்க்கத்தான்."

அந்தப் பள்ளிக்கு இராஜம்மாவின் தையல் கடையிலிருந்து நடந்தே போகலாம். அங்கே தலைமையாசிரியையாக இருந்தவர் ராஜேஸ்வரி என்ற அம்மையார். மூன்று வாரம் கழித்து தங்கமணி ஒரு சனிக்கிழமை அவரைப் போய்ப் பார்த்தபோது, கம்பியூட்டர் நூலக மூலையில், வந்த பெட்டியில் வந்தபடியே இருந்தது.

"எங்க ஆளுங்க யாருக்கும் ஓட்டத் தெரியலம்மா," என்றார் ராஜேஸ்வரி. "பயிற்சிக்குப் போக இருந்தவரும் பூச்சோங்குக்கு மாத்தலாயிட்டார். நீங்க சனிக்கிழமை வந்து சொல்லிக் கொடுப்பீங்களா?"

"வரேன். ஆனா தனியா வரமாட்டேன். எங்க பிள்ளைங்க இருபத்தெட்டுப் பேர் வருவாங்க. முதல்ல அவங்க, அப்புறம் உங்க பிள்ளைங்க."

"எண்ணிக்கை ஜாஸ்தியா இருக்கே."

"எல்லார் தலையிலயும் எண்ணெய் இருக்கும்."

"அதுக்கென்ன?" என்றார் ராஜேஸ்வரி, விளங்காமல்.

ஆகஸ்டு முதல் சனிக்கிழமை தோட்டத்து லோரியில் ஏழு பேர் வந்தார்கள். அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் ஏழேழு பேர். பத்தடித் தூரத்தில் ஐந்து மாதம் இருந்த கம்பியூட்டரில் மூன்று நிமிடம் கிடைத்த பிள்ளைகளுக்கு, அது இருபது மைலுக்கு அந்தப் பக்கம் போன பிறகு ஆளுக்கு இருபது நிமிடம் கிடைத்தது. நூலகத்தில் ஏர்கோன் இல்லை. மேலே ஒரு காற்றாடி, அதுவும் கிரீச்சிட்டது. சன்னலைத் திறந்துவைத்தார்கள். கம்பியூட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை.

மாரியாயியின் முறை மூன்றாவது சனிக்கிழமை வந்தது. கட்டைகளைத் தேடவே இல்லை. விரல்கள் தாமாகப் போய் உட்கார்ந்தன. பன்னிரண்டாம் வாய்ப்பாடு முடிந்து வகுத்தலுக்கு வந்துவிட்டாள். தவறு வந்தபோது அக்கம்பக்கம் பார்க்கவில்லை. இருபது நிமிடம் ஆனதும் தங்கமணி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அவள் தோளைத் தொட்டாள். பின்னால் அடுத்த பிள்ளை காத்திருந்தது.

"மாரியாயி, நேரமாச்சு. எழுந்திரு."

மாரியாயி திரும்பாமலே, நூலகம் முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னாள்: "இருங்க டீச்சர்! இன்னும் ரெண்டு கணக்கு இருக்கு."

தங்கமணி கையை எடுத்துக்கொண்டாள். காத்திருந்த பிள்ளையிடம், "கொஞ்சம் பொறு," என்று சொல்லிவிட்டு, தானும் நின்றாள்.