டயரில் அப்பிய குங்குமம்

போன வருஷம் அந்த லாரியின் முன் அச்சை மாற்றினார்கள். சுங்கை ரம்பாய் பக்கத்துத் தோட்டத்தில் எண்ணெய் ஆட்டும் செம்பனைக் குலை ஏற்றும் பழைய லாரி அது. நான்கு சக்கரமும் இழுக்கும். பழைய அச்சு சேற்றில் முறிந்துவிட்டதால் பெரிய லாரி ஒன்றின் அச்சைப் பொருத்தியிருந்தார்கள். அதன் பிரேக் பெரியது, பழைய பதினைந்து இன்ச் ரிம் ஏறவில்லை. பதினாறு இன்ச் ரிம்தான் போடவேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. டயரின் உயரத்தில்தான் வம்பு.

நான் பாச்சாங்கில் ஒரு டயர் கடையில் வேலை செய்கிறவன். ஆறாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. லாரி முதலாளி முப்பத்திரண்டு இன்ச்சிலும் முப்பத்தைந்து இன்ச்சிலும் டயர் கொண்டுவரச் சொல்லி, பெரியதை மாட்டு என்றார். மாட்டினேன்.

மாட்டிவிட்டுக் குனிந்து பார்த்தேன். டயரின் உள்பக்கத்துக்கும் பிரேக் எண்ணெய் போகும் ரப்பர் குழாய்க்கும் நடுவே ஒரு விரல் இடைவெளிதான் இருந்தது. அதுவும் காலி வண்டி, சமதரை, நேராக நிற்கும் சக்கரம். குலை ஏற்றிக்கொண்டு மேடு பள்ளத்தில் ஸ்டீரிங்கை ஒடித்தால் டயர் குழாயைத் தேய்த்து அறுத்துவிடும். ஆற்றோரச் சரிவில் பிரேக் இருக்காது. அந்தச் சரிவில் தினமும் ஓட்டுகிறவர் என் தங்கையின் கணவர்.

“எப்படி, சிங்கம் மாதிரி நிக்குதுல்ல?” முதலாளி கைப்பேசியில் படம் பிடித்தார்.

“சூப்பர்லா முதலாளி,” என்றார் மாப்பிள்ளை.

“கொஞ்சம்...” என்றேன்.

“என்னா கொஞ்சம்? டயர்காரருக்குப் பெருசு புடிக்கலயா?” என்றார் முதலாளி.

எல்லோரும் சிரித்தார்கள்.

பெரிய வேலை முடிந்தால் சக்கரங்களுக்குப் பொட்டு வைத்து, எலுமிச்சம்பழத்தை நசுக்கி வண்டியை எடுப்பது எங்கள் வழக்கம். குங்குமத்தை என்னிடம் நீட்டினார்கள். வெளிப்பக்கம் பொட்டு வைத்தேன். பிறகு மிச்சத்தைத் தண்ணீரில் குழைத்து, ஒரு முன்சக்கரத்தின் உள்பக்கம் முழுக்க அப்பினேன்.

“யோவ், சாமி கும்புடுறியா, பெயிண்ட் அடிக்கிறியா?” என்றார் முதலாளி.

ஒரு தடித்த மரக்கட்டையை இழுத்து அந்தச் சக்கரத்தின் முன்னால் போட்டு, அதன்மேல் பழத்தை வைத்தேன்.

“மாப்பிள, இது மேல ஏத்தி நிறுத்துங்க. அப்புறம் ரெண்டு பக்கமும் கடைசி வரைக்கும் ஒடிங்க.”

“எலுமிச்சம்பழத்துக்குப் படிக்கட்டா?” என்று சிரித்தார் முதலாளி.

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டியில் ஏறினார்.

சக்கரம் கட்டைமேல் ஏறிப் பழத்தை நசுக்கியது. இடப்பக்கம் ஒடித்தார், ஒன்றுமில்லை. முதலாளி மறுபடி கைப்பேசியைத் தூக்கினார். வலப்பக்கம் கடைசிவரை ஒடித்தபோது மெல்லிய உரசல் கேட்டது. டார்ச் அடித்துப் பார்த்தோம். கறுப்புக் குழாயில் நாலு விரல் நீளத்துக்குச் சிவப்பு.

முதலாளி கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் போட்டார். “சின்னதயே போடு,” என்றார்.

மாப்பிள்ளை சட்டை முனையால் குழாயைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார். முப்பத்திரண்டை மாட்டி, திரும்பவும் குங்குமம் அப்பிக் கட்டையில் ஏற்றினோம். இந்தத் தடவை குழாயில் ஒன்றும் ஒட்டவில்லை.

“யானைக்குச் செருப்பு போட்ட மாதிரி இருக்கு,” என்றார் முதலாளி. படம் பிடிக்கவில்லை.

இன்னொரு பழம் யாரிடமும் இல்லை. மாப்பிள்ளை அப்படியே வண்டியை எடுத்துச் சரிவில் இறங்கினார். ஒவ்வொரு வளைவிலும் பிரேக் விளக்கு எரிந்து வண்டி மெதுவாகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.