பக்கத்து பெஞ்சுக்காரரையும் இழுத்துக்கொண்டு...

2004-ஆம் வருடம். விருதுநகரில் ஆசிரியர் பயிற்சித் தேர்வு எழுதிக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பரீட்சை ஹாலுக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். பிளஸ் டூ முடித்ததும் விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டுத்தான் பயிற்சியில் சேர்ந்தேன். கம்பெனியில் முதல் நாளே மண்டையில் ஏற்றிவிடுவார்கள்: சத்தம் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு, பக்கத்து ஆளையும் இழுத்துக்கொண்டு வெளியே ஓட வேண்டும். என்ன ஏது என்று திரும்பிப் பார்க்கக் கூடாது.

அன்று உளவியல் பரீட்சை. ஓரிடத்தில் கற்றதை மூளை இன்னோரிடத்தில் எப்படிப் பயன்படுத்துகிறது என்ற பாடத்தை விழுந்து விழுந்து படித்திருந்தேன். பாதி எழுதியிருப்பேன், மேலே டியூப் லைட் ‘டப்’பென்று வெடித்தது.

அடுத்து எனக்கு நினைவிருப்பது, மைதானத்து வெயிலில் மூச்சிரைக்க நின்றதுதான். என் பிடியில் ஒருவருடைய முழங்கை. பக்கத்து பெஞ்சில் எழுதிக்கொண்டிருந்தவர். வேறு பயிற்சிப் பள்ளி. அதுவரை அவரோடு ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை.

“ஏலே, என்னைய எங்கலே இழுத்துட்டு ஓடுற? பாதி வரியில விட்டுட்டு வந்துருக்கேன்லே!”

இருவரும் திரும்பி ஓடினோம். ஹாலுக்குள் ஒரே சிரிப்பு. மேற்பார்வையாளர் மட்டும் சிரிக்கவில்லை. வாசலில் கையை நீட்டி மறித்துவிட்டார். “வெளிய போனவுக போனவுகதான். ரூல்ஸ் தெரியும்ல?”

என் பரீட்சை போனால் என்னோடு போகட்டும். முன்பின் தெரியாத ஒருவரின் வருடத்தையும் சேர்த்தல்லவா பாழாக்கிவிட்டேன்! மேற்பார்வையாளரிடம் கெஞ்சினேன்.

“சார், நான் பட்டாசுக் கம்பெனியில இருந்தவன். சத்தம் கேட்டதும் காலு ஓடிருச்சு. அவுக மேல தப்பில்ல, அவுகளையாவது உள்ள விடுங்க.”

பக்கத்து பெஞ்சுக்காரர் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு மேற்பார்வையாளரிடம் திரும்பினார்.

“உசுர ஒரு கையில பிடிச்சுக்கிட்டு ஓடுறவன், இன்னொரு கையில என்னையும்ல பிடிச்சிருக்கான்! இவன விட்டுட்டு நான் மட்டும் எப்படி சார் உள்ள போக?”

மேற்பார்வையாளர் எங்கள் வெறுங்கைகளைப் பார்த்தார். “பேனாகூட இல்லாம எவனாவது காப்பியடிக்க ஓடுவானா? போய் எழுதுங்க. அடுத்த பல்பு வெடிச்சா என்னையும் சேத்து இழுத்துட்டுப் போப்பா.”

இருவரும் தேறினோம். இன்று இருவருக்கும் வாத்தியார் வேலை. என் வகுப்பில் ஒரு பிள்ளை தப்பாக எதையாவது செய்தால் கோபம் வரத்தான் செய்கிறது. ஆனால், இதை எந்த இடத்தில் சரியென்று கற்றுக்கொண்டு வந்ததோ என்று கேட்காமல் இதுவரை ஒருநாளும் அடித்ததில்லை, கேட்ட பிறகு அடிக்க மனம் வந்ததுமில்லை.