வெறுமையாகத் திரும்பாத தூக்குவாளி

எங்கள் தோட்டத்தில் அந்த நாட்களில் காலை ஏழு மணி இருட்டாக இருந்தது. ஜப்பானியர் மலாயாவின் கெடாவுக்குள் வந்ததும் எல்லாக் கடிகாரங்களும் டோக்கியோ நேரத்துக்கு மாற வேண்டும் என்று உத்தரவிட்டார்கள். கடிகாரம் மாறியது, சூரியன் பழைய நேரத்துக்கே வந்தது. பிள்ளைகள் தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாசலில் வரிசையாக நின்று தமக்குப் புரியாத மொழியில் பாடியது இருட்டில்தான். தோட்டத்து எல்லையில் ஓடையின் மேல் ஒரு மரப்பாலம். அதன் முனையில் துப்பாக்கியோடு ஒரு ஜப்பானியச் சிப்பாய். அவரைக் கடப்பவர்கள் நின்று, இடுப்புவரை குனிந்து, பிறகே நடக்க வேண்டும். குனிந்தது போதாதென்று அவருக்குத் தோன்றினால் கன்னத்தில் அறை விழும். லயத்துப் பிள்ளைகள் இதை விளையாட்டாக்கி, கட்டியிருந்த ஆட்டின் முன்னால் குனிந்து பழகினார்கள். என் மகள் சாரதா அதில் கெட்டிக்காரி. அவளுக்கு அப்போது ஒன்பது வயது. அவள் ஆட்டுக்குக் குனிவதைப் பார்த்துப் பெண்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவன். பினாங்கில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் செய்தி எழுதிக்கொண்டிருந்தேன். குண்டு விழுந்ததும் பத்திரிகை நின்றது. மனைவி மீனாட்சியையும் சாரதாவையும் அழைத்துக்கொண்டு, திகாம் பத்துக்குப் பக்கத்தில் மீனாட்சியின் உறவினர் இருந்த ரப்பர்த் தோட்டத்துக்கு வந்தேன். ரப்பரை வாங்க ஆளில்லை. எல்லோரையும் போல மரவள்ளி நட்டுப் பிழைத்தோம். தோட்டத்தில் எனக்குப் ‘பேப்பர்காரர்’ என்று பெயர் விழுந்தது. பேப்பரே இல்லாத காலத்தில் அது கேலியா மரியாதையா என்பது சொல்கிறவரின் முகத்தைப் பொறுத்தது. சயாமில் ரயில் பாதை போடுவதற்கு ஆண்களைப் பிடித்துப் போய்க்கொண்டிருந்தார்கள். எங்கள் தோட்டத்தில் ஆட்களைத் தேர்ந்து கொடுத்தவர் மண்டோர் வீராசாமி. முன்பு வேலை பிரித்துக் கொடுத்த அதே குரலில் அவர் இப்போது பெயர்களைச் சொன்னார். போனவர்களிடமிருந்து ஒரு செய்தியும் வரவில்லை.

ஊரில் இருக்கும் வாசகர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் தருமத்துக்குப் பெயர் உண்டு. சத்திரத்துத் தூணில், குளத்துப் படியில், கோயில் விளக்கில், செய்தவர் பெயரும் ஊரும் வெட்டியிருக்கும். கீவளூரில் என் மாமனார் வீட்டில் வருடத்துக்கு ஒருநாள் அன்னதானம் நடக்கும். சாப்பிட்டு எழுந்தவர்கள் அவர் பெயரைச் சொல்லி வாழ்த்திவிட்டுத்தான் போவார்கள். அப்படித்தான் சாரதாவும் தருமம் படித்திருப்பாள், நாங்கள் அங்கேயே இருந்திருந்தால். இங்கே அவள் படித்தது வேறு. ஆண்களைப் பறிகொடுத்த பெண்களும், காய்ச்சலில் விழுந்தவர்களும், மருந்தும், மருந்து கட்டும் டிரெஸ்ஸரும் இல்லாத தோட்டத்து ஆஸ்பத்திரிக் கொட்டகையில் கிடந்தார்கள். அது பாலத்துக்கு அப்பால் இருந்தது. மீனாட்சி ஊர் வழக்கத்தை எடுத்து இந்த மண்ணுக்கு மாற்றினாள். ஊரில் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்போம். இங்கே ஒவ்வொரு வீடும் ஒரு துண்டு மரவள்ளியை எடுத்து வைத்தது. அதைக் கஞ்சியாக்கிப் பிள்ளைகள் கையில் கொடுத்தனுப்பினோம். பெரியவர்கள் போனால் கூட்டம் போடுகிறார்கள் என்பார்கள். பிள்ளைகள் போனால் யாரும் கேட்கவில்லை.

மீனாட்சி பிள்ளைகளை உட்காரவைத்துச் சொன்னது என் காதில் இன்னும் இருக்கிறது. “வாங்குறவங்க யாரு, என்ன சாதி, எதுக்கு வந்தாங்கன்னு கேக்கக் கூடாது. முகத்த உத்துப் பாக்கக் கூடாது. யாருக்குக் குடுத்தோம்னு வெளிய சொல்லவே கூடாது. சொன்னா அவங்களுக்கு வெக்கமாப் போயிடும். வெளங்குதா?” பிள்ளைகள் தலையாட்டினார்கள். சாரதாவின் கையில் எங்கள் வீட்டுப் பித்தளைத் தூக்குவாளி. மீனாட்சியின் கல்யாணச் சீரில் வந்தது. அதன் கழுத்தில் ‘ரா. மீனாட்சி, கீவளூர்’ என்று ஊர்ப் பாத்திரக்காரர் வெட்டிய எழுத்து. மற்றப் பாத்திரங்களை மரவள்ளிக் குச்சிக்கும் உப்புக்கும் மாற்றிவிட்டிருந்தோம். மூடியுள்ள பாத்திரம் என்று மிஞ்சியது அது ஒன்றுதான்.

ஒருநாள் வாளி திரும்பி வந்தபோது அதற்குள் ஒரு பிடி சுருள் கீரை இருந்தது. சதுப்பில் முளைப்பது, மலாய்க்காரர்கள் புச்சுக் பாக்கு என்பார்கள். நம் வீடுகளில் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. ஒன்றுமில்லாவிட்டாலும் நாலு கறிவேப்பிலையாவது போட்டுக் கொடுப்போம். அதனால் மீனாட்சி அதைச் சாதாரணமாக எடுத்து வைத்தாள். நான்தான் கீரையின் அடியைப் பார்த்தேன். வேரில் ஈர மண் இருந்தது. ஆஸ்பத்திரிக் கொட்டகையில் சதுப்புவரை நடக்கக்கூடியவர் ஒருவரும் இல்லை.

“இது யாரு போட்டது சாரதா?”

அவள் வாளியின் மூடியை எடுத்து மூடினாள். மிரட்டினேன். கண்ணில் நீர் வந்தது, வாய் திறக்கவில்லை. கடைசியில் அம்மாவைப் பார்த்துச் சொன்னாள்: “நீங்கதானம்மா வெளிய சொல்லக் கூடாதுன்னீங்க?”

மறுநாள் அவளோடு நானும் போனேன். கொட்டகையில் கஞ்சியை ஊற்றிய பிறகு, அடியில் மிச்சம் வைத்து, மூடியை அழுத்திக்கொண்டு அவள் பின்வழியாக நடந்தாள். ரப்பர்ச் சீட்டுகளைக் காயவைக்கும் புகைவீடு அங்கே மூடிக் கிடந்தது. உள்ளே ஒரு மனிதர். தாடியும் எலும்புமாக. ஒரு காலில் முழங்காலுக்குக் கீழே புண், இலை வைத்துக் கட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் சுவரோடு ஒட்டிக்கொண்டார். சயாமிலிருந்து தப்பி வந்தவர் என்று தெரிந்துகொள்ளக் கேள்வி தேவைப்படவில்லை.

“ஐயா, கூலிம் பக்கம் எனக்கு. நடந்துருவேன். காலு கொஞ்சம் ஆறட்டும்” என்றார். பிறகு, “பாப்பா மேல தப்பில்ல. அது தண்ணி எடுக்க வந்தப்ப நான்தான் கூப்பிட்டேன்” என்றார். பெயரைச் சொல்ல வாயெடுத்தார். “வேண்டாம்” என்றேன். எனக்குத் தெரியாத பெயரை யாராலும் என்னிடமிருந்து வாங்க முடியாது என்று அந்தக் கணம் தோன்றியது.

தப்பியவர் பிடிபட்டால் அவருக்கு என்ன நடக்கும் என்பதும், சோறு போட்டவர்களுக்கு என்ன நடக்கும் என்பதும் எங்களுக்குத் தெரியும். பக்கத்துத் தோட்டத்தில் ஒரு குடும்பத்தையே லாரியில் ஏற்றினார்கள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு மீனாட்சியிடம் சொன்னேன். “நாளைலேருந்து கொட்டகையோட நிறுத்திக்கச் சொல்லுங்க” என்றாள். “நீயே சொல்லு” என்றேன். சாரதா மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் மட்டும்தான் பயப்படாமல் இருந்தாள் என்று முதலில் நினைத்தேன். பிறகு அவள் கைகளைப் பார்த்தேன். பாவாடை நுனியை முறுக்கி முறுக்கிக் கசக்கியிருந்தாள். அவளுக்குப் பயம் தெரிந்துதான் இருந்தது. தெரிந்தே போய்க்கொண்டிருந்தாள். மறுநாள் மீனாட்சி வாளியில் கஞ்சியை ஊற்றினாள். கொட்டகையோடு நிறுத்து என்று சொல்லவில்லை. வழக்கத்தைவிட ஒரு அகப்பை கூடவே ஊற்றினாள்.

அன்றுதான் அது நடந்தது. நான் பாலத்துக்கு இந்தப் பக்கம் மரவள்ளி பிடுங்கிக்கொண்டிருந்தேன். மண்டோர் வீராசாமி சிப்பாயோடு நின்று பீடி புகைத்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் கொட்டகையிலிருந்து திரும்பி வந்தார்கள். குனிந்தார்கள். சாரதா குனியும்போது வாளிக்குள் ஏதோ துடித்தது. மூடி ஆடியது. மண்டோர் மூடியை எடுத்தார். உள்ளே இலையில் சுற்றிய விரால் மீன், இன்னும் உயிரோடு.

“அடேயப்பா! நோயாளிங்க மீன் பிடிக்கிறாங்களா? யாரு குடுத்தாங்க, பாப்பா?”

சாரதா தரையைப் பார்த்தாள்.

“கேக்கிறேன்ல. வாயில கொழுக்கட்டையா?”

நான் கிழங்கைக் கையில் பிடித்தபடியே நின்றேன். ஓடவும் முடியவில்லை, கூப்பிடவும் முடியவில்லை. அவள் சொல்லிவிட்டால் ஒரு மனிதர் போவார். சொல்லாவிட்டால் அவள் கதி என்ன என்று தெரியாது. அப்போது அவள் செய்ததற்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. வாளியை இரண்டு கையாலும் சிப்பாயின் பக்கம் நீட்டிக் குனிந்தாள். ஆட்டின் முன்னால் பழகிய அதே ஆழமான குனிவு. அவள் நினைத்தது, பாத்திரத்தை அவர் சோதனை போடட்டும் என்று. பிறகு என்னிடம் அப்படித்தான் சொன்னாள். சிப்பாய் நினைத்தது வேறு. தமக்குத்தான் கொண்டுவந்தாள் என்று நினைத்துவிட்டார். முகம் மலர்ந்தது. “ஈக்கான்! பாகுஸ், பாகுஸ்” என்று அரைகுறை மலாயில் மெச்சிக்கொண்டே மீனை எடுத்துக்கொண்டார். அவள் தலையைத் தடவினார். “பேசோக் லாகி” என்றார். மீன் நல்லது, நாளைக்கும் கொண்டு வா என்று பொருள்.

சிப்பாய் கைநீட்டி வாங்கிய மீனைப் பற்றி மண்டோரால் மேலே ஒன்றும் கேட்க முடியவில்லை. வெறும் வாளியைக் கையில் திருப்பினார். கழுத்தில் இருந்த எழுத்தை மெதுவாகப் படித்தார். என் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

“பேப்பர்காரரே! ரா. மீனாட்சி, கீவளூர். நல்ல பாத்திரம். எங்கயாவது காட்டுல விட்டுடப் போகுது புள்ள. அப்புறம் நான் உங்க வீட்டுக்குத்தான் கொண்டாந்து குடுக்கணும்.”

அன்று நாங்கள் சாப்பிடவில்லை. அடுத்த நாள் சாரதா போகாவிட்டால் சிப்பாய் மீன் எங்கே என்று கேட்பார். போனால் மண்டோரின் கண் பின்னாலேயே போகும். இரண்டு பயங்களில் சிறியதைத் தேர்ந்தோம். மழை தூறியது, மண்டோர் திகாம் பத்துக்குக் கூப்பிட்டனுப்பப்பட்டிருந்தார். அந்த நேரம் பார்த்து அனுப்பினோம். அந்த மனிதரிடம் சொல்ல வேண்டியதை மீனாட்சி அவளுக்குச் சொல்லிக் கொடுத்தாள்: சிப்பாய்க்கு மீன் வேண்டுமாம், மண்டோர் பேரைப் படித்துவிட்டார்.

மற்றப் பிள்ளைகள் திரும்பினார்கள். சாரதா வரவில்லை. மீனாட்சி வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்தாள். நான் பாலத்தைப் பார்த்தபடி மழையில் நின்றேன். செய்தியாளனாக இருந்தபோது விபத்து நடந்த வீட்டு வாசல்களில் இப்படி நிற்பவர்களைப் பார்த்துக் குறிப்பெடுத்திருக்கிறேன். கையை என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியவில்லை.

அவள் வந்தாள். பாலத்தில் நின்று குனிந்தாள். மீனைக் கொடுத்தாள். சிப்பாய் சிரித்தார். அவள் நடையை மாற்றாமல் வீட்டுக்குள் வந்து, வாளியைத் தரையில் வைத்துவிட்டு, அதன் பிறகுதான் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டாள். வாளியின் கழுத்தில் எழுத்து இருந்த இடம் புதுப் பித்தளையாகப் பளபளத்தது.

“அவங்க பொகவீட்டுல கெடந்த பால் வெட்டுற கத்தியால சொரண்டினாங்கப்பா. பொறவு கல்லுல தேச்சாங்க. இருன்னு சொன்னாங்க, அதான் நேரமாச்சு. பேரு இருந்தா இந்த வாளி ஒங்க வீட்டுக்கு வழி காட்டிரும்னாங்க. இனிமே வராதே, நான் கெளம்பிடுறேன்னு சொன்னாங்க.”

மீனாட்சி வாளியைக் கையில் எடுத்து அந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள். அதற்குள் ஒரு பிடி சுருள் கீரை இருந்தது. ஓடிப்போகிற அவசரத்திலும் அவர் வெறும் பாத்திரம் அனுப்பவில்லை. அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் வாளியில் தண்ணீர் ஊற்றி நேரே விறகடுப்பில் ஏற்றினாள்.

மறுநாள் மண்டோர் சிப்பாய்களோடு புகைவீட்டைத் திறந்தார். மீன் முள்ளும் ஒரு தேங்காய்ச் சிரட்டையும் கிடந்தனவாம். அங்கிருந்து நேராக எங்கள் வாசலுக்கு வந்து வாளியைக் கேட்டார். மீனாட்சி அடுப்பிலிருந்து இறக்கிக் காட்டினாள். அடி முதல் கழுத்து வரை கரி.

“பேரு எங்கம்மா?”

“வெந்து போச்சு மண்டோரே. இருக்கிறது இந்த ஒரு பாத்திரம். இதுலதான் ஒல வெக்கிறேன். கரிய வெளக்குனா பேரும் சேந்து போவுது, என்னா செய்ய?”

அவர் விரலால் கரியைத் தொட்டார். அந்த விரலைப் பார்த்தார். அவர் என்ன நினைத்தார் என்பதை இன்றுவரை என்னால் எழுத முடியவில்லை. “வேற பாத்திரம் வாங்கிக்கலாம்லா, சண்டை முடியட்டும்” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சிப்பாய் மாற்றலாகிப் போகும்வரை ஓடையில் தூண்டில் போட்டு அவருக்கு விரால் கொடுக்கும் வேலை என்னுடையதாயிற்று. சில வாரங்கள் கழித்து, ஜப்பானியர் கெடாவையே சயாமுக்குக் கொடுத்துவிட்டதாகச் செய்தி வந்தது. சயாமிலிருந்து ஓடிவந்த அந்த மனிதர் கெடாவிலேயே உள்ள கூலிமுக்குப் போய்ச் சேர்ந்திருந்தால், அங்கேயும் சயாம் அவருக்கு முன்னால் போய்க் காத்திருக்கும் என்று நினைத்தேன். அவர் போய்ச் சேர்ந்தாரா என்று கேட்டறிய எனக்கு ஒரு பெயர்கூட இல்லை.

சண்டை முடிந்து பல வருடங்களாகிவிட்டன. நாங்கள் சுங்கைப் பட்டாணியில் இருக்கிறோம். சாரதா ஆசிரியையாக இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தன் வகுப்புப் பிள்ளைகளை ஆதரவற்றோர் இல்லத்துக்குச் சோறு பரிமாற அழைத்துப் போகிறாள். கேட்கக் கூடாது, உற்றுப் பார்க்கக் கூடாது, வெளியே சொல்லக் கூடாது என்று தன் அம்மாவின் வார்த்தைகளையே சொல்லிக் கொடுக்கிறாள். பயந்துகொண்டு படித்த பாடம் என்று பிள்ளைகளுக்கு அவள் சொல்வதில்லை.

சென்ற மாதம் கீவளூரிலிருந்து மீனாட்சியின் தம்பி கப்பலில் வந்திருந்தார். வாளியைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். “அக்கா, அப்பா குடுத்த சீரு! பேரு எங்க போச்சு? குடு, ஊருக்குக் கொண்டுபோய் வெட்டி வாங்கிட்டு வரேன்” என்றார். மீனாட்சி சிரித்தாள். அவர் ஊருக்குப் புறப்பட்ட நாளில் பெட்டியைக் கட்டும்போது வாளியைத் தானே எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அவர் கப்பலேறப் பினாங்குக்குக் கிளம்பியபோது, வாசல்வரை போய், “இது இப்படியே இருக்கட்டும் தம்பி” என்று அதைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். இப்போது அது அடுக்களைப் பலகையில் இருக்கிறது. சுரண்டிய இடம் மற்றப் பித்தளையைவிட வெளிறியிருக்கிறது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் கத்தி எட்டாத ஓரத்தில் ஊர்ப் பெயரின் கடைசி எழுத்தில் ஒரு வளைவு மட்டும் இன்னும் தெரிகிறது.