விளங்காத மண்டபமும் என் ஈக்குவலைசரும்

நன்றாகக் கேட்டால் பேசியவருக்குப் புகழ், கேட்காவிட்டால் எங்களுக்கு ஏச்சு; ஒலிபெருக்கித் தொழிலில் மாட்டிக்கொண்ட சகபாவிகளே, உங்களுக்குத் தெரியாததா?

சாவடியில்

சண்டைக் காலத்தில் என்னிடம் ஒரு டிஜிட்டல் ஈக்குவலைசர் இருந்தது. கட்டாரில் வேலை செய்த காத்தான்குடிக் கூட்டாளி கொண்டுவந்து தந்தது. மண்டபத்தில் ஒரு சோதனைச் சத்தத்தை விட்டு, மைக்கால் தானே கேட்டு, எந்தச் சுருதி அளவுக்கு மீறி முழங்குகிறதோ அதைக் குறைத்துவிடும்.

காணாமல் போனவர்களின் குடும்பங்களை விசாரிக்கக் கொழும்பிலிருந்து ஒரு குழு களுவாஞ்சிக்குடிக்கு வந்தது. போன முறை தகர மண்டபத்து எதிரொலியில் பாதிப் பெயர்களை ‘விளங்கவில்லை’ என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். இந்த முறை அதை நடக்க விடுவதில்லை என்று, குருக்கள்மடத்திலிருந்து பெட்டியோடு புறப்பட்டேன். வழியில் சோதனைச் சாவடி. இரைச்சலைக் குறைக்கிற பெட்டி என்றேன். பொய்யில்லையே! சிப்பாய் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

“குறைக்கிற பெட்டியா? சரி, போ. கூட்டுற பெட்டி எண்டா விடமாட்டன்.”

வெறும் மண்டபம்

காலையில் ஆளில்லாத மண்டபத்தில் அளந்து சரிசெய்தேன். ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்றால் கண்ணாடி மாதிரிக் கேட்டது. சனம் நிறைந்ததும் எல்லாம் போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல் ஆகிவிட்டது. முந்நூறு பேரின் உடம்பும் உடுப்பும் சத்தத்தைக் குடிக்கும் என்பதை மறந்த மடையன் நான். பழுகாமத்திலிருந்து வந்த ஒரு தாய் தன் மகனின் பெயரைச் சொன்னார். குழுவுக்குச் சிங்களத்தில் சொல்ல வந்திருந்த மொழிபெயர்ப்பாளர் தலையை நிமிர்த்தவேயில்லை.

“விளங்கல்ல அம்மா. எழுதித் தந்துட்டுப் போங்க.”

நிறைந்த மண்டபம்

எனக்கு வந்ததே கோபம்! ஐந்து நிமிடம் கேட்டு வாங்கி, சனம் இருக்கும்போதே அளக்கத் தொடங்கினேன். சோதனைச் சத்தம் ‘ஊ’ என்று தொடங்கி ‘கீ’ என்று ஏறும். பாதி ஏறுவதற்குள் மண்டபம் முழுக்க நிலத்தில் குப்புறப் படுத்துவிட்டது. ஷெல் வந்து விழப்போகிறது என்று நினைத்துவிட்டார்கள். விசாரணைக் குழுவும் மேசைக்குக் கீழே. வெறுங்கதிரைகளை அளந்து என்ன பயன்?

மைக்கை எடுத்து மன்னிப்புக் கேட்டேன். இது வெறும் சோதனைச் சத்தம், இன்னொரு முறை விடவேண்டும், எல்லாரும் நிமிர்ந்து இருக்கவேண்டும் என்றேன். யாரும் அசையவில்லை. அந்தப் பழுகாமத்துத் தாய்தான் முதலில் எழுந்து, சேலையைத் தட்டிவிட்டு, கதிரையில் அமர்ந்தார். “விடுங்க மகன், நாங்க இனிப் படுக்கமாட்டம்” என்றார். ஒவ்வொருவராக எழுந்து அமர்ந்தார்கள். சத்தம் அடி முதல் நுனி வரை ஏறியது. ஒரு தலைகூடக் குனியவில்லை. பெட்டி அளந்து முடித்தது.

பிறகு அவர் மீண்டும் மைக்கின் முன் வந்து மகனின் பெயரைச் சொன்னார். கடைசி வரிசை வரை ஒவ்வோர் எழுத்தும் கேட்டது. சொல்லிவிட்டு மொழிபெயர்ப்பாளர் பக்கம் திரும்பினார்.

“இப்ப விளங்குதுதானே? அப்ப எழுதுங்க.”

அந்தச் சாட்சியங்களுக்கு என்ன பதில் வந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். எங்கள் பக்கத்துச் சத்தத்தில் குறை இருக்கவில்லை என்று மட்டும் எந்தக் கோயிலிலும் சத்தியம் செய்வேன்.